கோ-கார்ட்டுக்கு நாமே செய்யும் ஸ்டாண்டும் லிஃப்டும்: பட்டறை அனுபவங்கள்

கோ-கார்ட் என்ற சிறு பந்தய வண்டியைக் கழற்றிப் பூட்ட உயரத்தில் தாங்கிப் பிடிப்பது ஸ்டாண்டு, அதைத் தூக்கி இறக்குவது லிஃப்ட். இவற்றைச் செய்து பார்த்த நான்கு பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள்; ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் பேசுபவரின் பெயர்.

பிட் மெக்கானிக்

குழாய் வாங்கப் போவதற்கு முன்னால் கார்ட்டின் எடை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நீள அகலத்தை மட்டும் அளந்துகொண்டு பற்றவைக்க ஆரம்பித்தால், ஸ்டாண்டு பார்க்க அழகாக இருக்கும். பின் ஆக்சிலை (பின்சக்கரங்களை இணைக்கும் தண்டு) உருவியதும் கார்ட் மூக்குக் குப்புறக் கவிழும்.

குளியலறை எடைமேடை ஒன்று போதும். ஒரு சக்கரத்துக்கு அடியில் அதை வைத்து, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்துக்குப் பலகை கொடுங்கள். இப்படி நான்கு சக்கரமும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முன் இரண்டின் கூட்டலை மொத்த எடையால் வகுத்து வீல்பேஸால் (முன் பின் சக்கர மையங்களின் இடைத்தூரம்) பெருக்கினால், பின் ஆக்சிலிலிருந்து எவ்வளவு முன்னே எடைமையம் என்று வந்துவிடும். முன்னால் 34 கி.கி., பின்னால் 51 கி.கி., வீல்பேஸ் 1040 மி.மீ. என்று வையுங்கள்: 34 ÷ 85 × 1040 = 416 மி.மீ. சேஸிஸில் (கார்ட்டின் குழாய்ச் சட்டகம்) அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பெட்ரோல் டேங்க் காலியாக ஒரு முறை, நிரப்பி ஒரு முறை எடுப்பது நல்லது. எட்டு லிட்டர் பெட்ரோல் சுமார் 6 கி.கி., அதுவும் முன்பக்கம் ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் உட்காருவதால் கோடு கொஞ்சம் முன்னே நகரும்.

இடது வலதும் இதே கணக்குதான். ஓட்டுநர் இல்லாத கார்ட்டில் எடை எஞ்சின் பக்கம் சாய்ந்திருக்கும். ஸ்டாண்டில் சேஸிஸ் உட்காரும் தாங்கிகள் நான்கும் அந்தக் கோட்டைச் சுற்றி நாலாபக்கமும் விழவேண்டும். எஞ்சினைக் கழற்றினாலும், பின் ஆக்சிலைக் கழற்றினாலும் எடைமையம் அந்த நான்கு புள்ளிக்குள்ளேயே நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

வெல்டிங் பட்டறை

சக்கரம் வைத்த சாதாரண ஸ்டாண்டுக்கு 25 × 25 மி.மீ., 2 மி.மீ. தடிமன் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) சதுரக் குழாய் தாராளம். மீட்டருக்கு ஏறக்குறைய 1.44 கி.கி. வரும். 1.6 மி.மீ. தடிமனும் எடையைத் தாங்கும். ஆனால் ஆர்க் வெல்டிங்கில் கை பழகாதவர்களுக்கு ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும். 2 மி.மீ. எடுத்துக்கொண்டு 2.5 மி.மீ. வெல்டிங் ராடில் கரன்ட்டைக் குறைத்து வையுங்கள்.

அளவு: அடிச்சட்டம் 1000 × 600 மி.மீ., கால்கள் நான்கு தலா 500, மேலே குறுக்குச் சட்டம் இரண்டு தலா 700, அவற்றை இணைக்கும் நீளச் சட்டம் இரண்டு தலா 650, மூலைத் தாங்கலுக்கு ஒரு மீட்டர். மொத்தம் 9 மீட்டருக்குள் முடியும். 6 மீட்டர் நீளம் இரண்டு வாங்கினால் வெட்டுக் கழிவு போகவும் மிச்சம் இருக்கும். சட்டம் மட்டும் 13 கி.கி. சுற்றி வரும்.

எல்லா மூலையையும் முதலில் புள்ளிப் பற்று மட்டும் வையுங்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து வித்தியாசம் 2 மி.மீ.க்குள் வந்த பிறகே முழு வெல்டிங். அதையும் ஒரே மூலையில் ஓட்டித் தீர்க்காமல் எதிரெதிர் மூலைக்கு மாறி மாறிப் போடுங்கள். ஒரு பக்கமே சூடேறினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் நான்கு சக்கரத்தில் ஒன்று அந்தரத்தில் தொங்கும், ஆயுசுக்கும் ஆடும்.

துத்தநாகம் பூசிய குழாய் கையில் இருந்தால் வெல்டு விழும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் பற்றவையுங்கள். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

பிட் மெக்கானிக்

மேலே சொன்ன அளவில் ஒன்று சேர்க்கிறேன். மேல் நீளச் சட்டங்கள் சீட்டுக்கு நேர் கீழே ஓடக்கூடாது. பல கார்ட்டில் சீட்டின் அடி சேஸிஸ் குழாயின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, சில மி.மீ. கீழேயோ நிற்கும். சட்டம் அங்கே போனால் மொத்த எடையும் சீட்டில் இறங்கி ஃபைபர் விரிசல் விடும். ஒன்று, நீளச் சட்டத்தைத் தாங்கி மட்டத்திலிருந்து 40 மி.மீ. தாழ்த்துங்கள், இல்லையேல் ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

தாங்கி எங்கே வைப்பது? முன்னால், ஸ்டப் ஆக்சில் (முன்சக்கரம் மாட்டும் குட்டைத் தண்டு) பிடிக்கும் சி வடிவ அடைப்புக்குப் பின்னே ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டுக் குழாயின் அடியில். பின்னால், ஆக்சில் பேரிங் தாங்கிக்குச் சற்று முன்னே. பிரேக் குழாய், பிரேக் கம்பி, ஆக்சிலரேட்டர் கேபிள், டை ராடு (ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) இவை எதுவும் நசுங்கக்கூடாது. தரைத் தகட்டின் மேல் எடை போகவே கூடாது. அது மிதிக்கத்தானே ஒழியத் தாங்க அல்ல. தாங்கியாக வைக்கும் எல் வடிவத் தகட்டில் வெளிப்பக்க உதடு 40 மி.மீ. எழும்பி நின்றால், ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) போல்ட்டை இழுத்து முறுக்கும்போது கார்ட் வழுக்காது. அந்தத் தகட்டை நேராக வெல்டு செய்யாமல், குறுக்குச் சட்டத்தில் நீள்துளை போட்டு எம்10 (10 மி.மீ.) போல்ட்டில் மாட்டுங்கள். வேறு சேஸிஸ் வந்தால் நகர்த்திக்கொள்ளலாம்.

தாங்கியின் மெத்தைக்கு ரேடியேட்டர் ஹோஸை நீளவாக்கில் கிழித்து மாட்டினால் போதும். பஞ்சு போன்ற ஃபோம் வேண்டாம். செயின் எண்ணெயையும் பெட்ரோலையும் குடித்து ஊதிவிடும், அப்புறம் சோப்பு மாதிரி வழுக்கும்.

மாடிக்குக் கீழ் கராஜ்

ஸ்டாண்டுக்கு அடியில் மாட்டும் சக்கரத்தில்தான், அதாவது கேஸ்டரில்தான், எல்லாரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். 50 மி.மீ. பிளாஸ்டிக் கேஸ்டர் டைல்ஸ் தரையில் ஓடும்; தார்த் தரையில் ஒரு சின்னக் கல் குறுக்கே வந்தால் அப்படியே நின்றுவிடும், மேலே இருப்பது மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வெளித்தரை என்றால் 150 மி.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 200 மி.மீ.

தாங்குதிறன் கணக்கில் மொத்தத்தை நான்கால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். மேடு பள்ளத்தில் எப்போதும் ஒரு சக்கரம் சும்மா இருக்கும். கார்ட் 85, ஸ்டாண்டு 20, ஆக 105 கி.கி.; சக்கரத்துக்கு 35. குலுக்கலுக்கு அதை இரட்டியுங்கள்: 70 கி.கி. தாங்கும் சக்கரம்.

இன்னொன்று, சுழலும் கேஸ்டரில் சக்கரம் உள்பக்கம் திரும்பும்போது தரையைத் தொடும் புள்ளி 40, 50 மி.மீ. உள்ளே போய்விடும். 600 மி.மீ. அகலம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் 500தான் இருக்கும். எடைமையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும்போது இது சின்ன வித்தியாசம் இல்லை. இரண்டு நிலைச்சக்கரம், இரண்டு சுழல்சக்கரம் என்று வைத்தால் நேராகத் தள்ள வரும். சுழல்சக்கரம் இரண்டிலும் பிரேக் வேண்டும். சக்கரம் உருள்வதை மட்டுமின்றித் திரும்புவதையும் பூட்டும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வெல்டிங் பட்டறை

மடக்கு ஸ்டாண்டு, அதாவது எக்ஸ் வடிவத்தில் கத்தரி போல மடங்குவது, வண்டியில் எடுத்துப் போக வசதி. அதில் கெட்டுப்போகும் இடம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு கால்களும் குறுக்கிடும் நடு முளை. குழாயில் வெறும் துளை போட்டு எம்12 போல்ட்டை நுழைத்து இறுக்கினால் குழாயின் சுவர் உள்ளே நசுங்கும். நசுங்கியதும் போல்ட் தளரும், மறுபடி இறுக்குவீர்கள், மறுபடி நசுங்கும். குழாயின் குறுக்கே தடித்த சுவர் புஷ் (குட்டைக் குழாய்த்துண்டு) ஒன்றை நுழைத்து இரண்டு பக்கமும் வெல்டு செய்யுங்கள். போல்ட்டின் மரையில்லாத பகுதி புஷ்ஷுக்குள் வரும்படி நீளம் தேர்ந்தெடுங்கள். இரண்டு கால் குழாய்களுக்கும் நடுவே வாஷர், முடிவில் நைலாக் நட்டு (நைலான் வளையம் உள்ள, தளராத நட்டு). கையால் திருப்பினால் கால் மடங்கவேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக்கூடாது.

கால்கள் ஒரேயடியாக விரிந்துவிடாமல் அடியில் இரண்டு பக்கமும் சங்கிலி போடுங்கள். நைலான் பட்டை நாளாக நாளாக நீளும். ஒரு பக்கம் அதிகம் நீண்டால் மேல்சட்டம் சரிந்து நிற்கும்.

தனி ஆள்

தூக்கிவிட இன்னொருவர் இல்லாதவர்களுக்குச் சாய்வு ஸ்டாண்டு. கார்ட்டின் மூக்கைத் தூக்கிப் பின் பம்பரில் செங்குத்தாக நிறுத்தி, ஸ்டாண்டின் மேல்சட்டத்தையும் செங்குத்தாக்கி, கார்ட்டின் அடிப்பக்கம் கொண்டுபோய் ஒட்டி, பிடிகளை மாட்டி, ஒரு அச்சில் திருப்பிக் கிடையாக்குவது. தூக்கவேண்டியது முன்பக்க எடை மட்டுமே, 34 கி.கி. சொச்சம்.

அச்சு எங்கே என்பதில்தான் முழு சூட்சுமமும். பிட் மெக்கானிக் சொன்ன சாக்பீஸ் கோட்டிலிருந்து 100 மி.மீ. பின்னே அச்சை வையுங்கள். கிடையாக இருக்கும்போது எடைமையம் அச்சுக்கு 100 மி.மீ. முன்னே நிற்பதால் மூக்குப் பக்கம் தானாகவே தன் தாங்கலில் அழுந்தி உட்காரும். எடைமையம் அச்சைவிட 150 மி.மீ. உயரத்தில் இருந்தால், மூக்கை 34 டிகிரி அளவுக்கு உயர்த்தியதும் கார்ட் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். அந்தக் கோணத்தைத் தாண்டினால் தானே செங்குத்தை நோக்கி ஓடும். கை வைத்திருக்கும் இடம் அச்சிலிருந்து 90 செ.மீ. என்றால் செங்குத்து நிலையில் பிடித்து இழுக்க 14 கி.கி. விசை வேண்டும். ஒரு ஆளுக்கு அது ஒன்றுமில்லை. அச்சைக் கோட்டிலிருந்து 250 மி.மீ. பின்னே தள்ளிவிட்டால் செங்குத்திலிருந்து இழுப்பதில் மாற்றமில்லை; ஆனால் கிடைக்கு வரும்போது மூக்கு 24 கி.கி. விசையில் இறங்கி அடிக்கும்.

செங்குத்தாக இருக்கும்போது எடை அச்சுக்குப் பின்னால் 150 மி.மீ. வெளியே நிற்கிறது. ஆகவே அடிச்சக்கரங்கள் அச்சுக்குப் பின்னே குறைந்தது 300 மி.மீ. நீளவேண்டும். பின் பம்பர் தரையைத் தொடவும் வேண்டுமே. அச்சிலிருந்து பம்பர் முனைவரை 55 செ.மீ. என்றால் அச்சின் உயரமும் அதேதான். இதனால்தான் இந்த வகை இடுப்பு உயரத்துக்கு வருவதில்லை. குனிந்து வேலை செய்யும் சங்கடம் உண்டு, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கிடை நிலையைப் பூட்ட 12 மி.மீ. முள் ஒன்றைக் குறுக்கே செருகி, அதில் பாதுகாப்பு வளையமும் போடுங்கள். ஸ்பிரிங் தாழ்ப்பாளை மட்டும் நம்பவேண்டாம்.

செங்குத்தாக நிறுத்துமுன் டேங்க் மூடியும் காற்றுக்குழாயும் கசியாதா என்று பாருங்கள். மிதவைக் கார்புரேட்டரில் பெட்ரோல் வழியும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில், ப்ரீதர் (எஞ்சினின் மூச்சுக்குழாய்) வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகும். அந்த எஞ்சினுக்குச் சாய்வு ஸ்டாண்டே வேண்டாம் என்பேன்.

மாடிக்குக் கீழ் கராஜ்

லிஃப்ட் செய்ய நினைப்பவர்கள் முதலில் போவது கத்தரி வகைக்கு. திருகோ மோட்டார் ஆக்சுவேட்டரோ (தண்டை நீட்டித் தள்ளும் மின்கருவி) அடியில் கிடையாகத் தள்ளும் அமைப்பில், தேவைப்படும் விசை = எடை ÷ டான் (கத்தரியின் கை தரையோடு செய்யும் கோணம்). கத்தரியின் கை 45 டிகிரியில் இருக்கும்போது 100 கி.கி. தூக்க 100 கி.கி. விசை. 20 டிகிரியில் 275. 15 டிகிரியில் 373. 10 டிகிரியில் 567. மேலே போகப் போக லேசாகும், கிளம்பும் இடத்தில்தான் திணறும். பாதி உயரத்தில் வைத்துச் சோதித்துவிட்டு “நன்றாகத் தூக்குகிறது” என்று சொல்பவர்கள் கீழே இறக்கியதும் மாட்டிக்கொள்வது இதனால்தான். கை நீளம் 1000 மி.மீ. என்றால் 15 டிகிரியில் உயரம் 26 செ.மீ.; அதற்குக் கீழே இறங்காதபடி கட்டை வைத்துவிடுங்கள். அந்த 26 செ.மீ.க்கு மூக்கை முதலில், பின்பக்கத்தை அடுத்து என்று இரண்டு தவணையாக ஏற்றலாம்.

தூண் வைத்து ஒரு பக்கத்திலிருந்து நீளும் கைகளில் தூக்கும் வகை என்றால், தூணில் ஏறி இறங்கும் வண்டியின் உருளைகள் மேல் கீழ் எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன என்று பாருங்கள். எடைமையம் தூணிலிருந்து 700 மி.மீ. தள்ளி, 100 கி.கி. என்றால், உருளை இடைவெளி 300 மி.மீ.யில் ஒவ்வொரு உருளை ஜோடியும் 233 கி.கி. அழுத்தம் வாங்கும். இடைவெளியை 500 ஆக்கினால் 140தான். இடைவெளி குறைந்த வண்டி ஏறும்போது சிக்கிச் சிக்கி நிற்கும், கயிறு சுற்றித் தூக்கும் விஞ்ச்தான் சரியில்லை என்று அதைக் குறை சொல்வார்கள்.

விஞ்ச் வாங்கும்போது தூக்குவதற்கான தானியங்கி பிரேக் உள்ளதை வாங்குங்கள். படகு இழுக்கும் ராட்செட் விஞ்ச் இழுக்க மட்டுமே. இறக்குவதற்குப் பல்லை விடுவித்ததும் கைப்பிடி சுழன்று அடித்தால் மணிக்கட்டு போகும். வயர் ரோப் நுனியில் கிளாம்ப் மூன்று போடுங்கள். கிளாம்பின் சேணப் பக்கம் எடை தாங்கும் கயிற்றின் மேலும், யூ போல்ட் வெட்டுமுனைக் கயிற்றின் மேலும் வரவேண்டும். மாற்றிப் போட்டால் தாங்கும் கயிற்றையே நசுக்கும். எந்த லிஃப்ட் ஆனாலும் மேலே போனதும் எடையை முள்ளிலோ கட்டையிலோ உட்காரவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கயிற்றில் தொங்கும் கார்ட்டுக்கு அடியில் கை விடாதீர்கள்.

தனி ஆள்

12 வோல்ட் ஆக்சுவேட்டர் எடுப்பவர்களுக்கு: திருகு வகை, கரன்ட் போனாலும் தானே இறங்காததாக இருக்கட்டும். பெரும்பாலானவை தொடர்ந்து ஓடுவதற்கு இல்லை. இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினால் ஆறவிடவேண்டும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ்.

பிட் மெக்கானிக்

ஸ்டாண்டு மேல் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதுபற்றி யாரும் சொல்லவில்லை. பின் டயர்கள் சட்டத்திலிருந்து குறைந்தது 50 மி.மீ. விலகி நிற்கவேண்டும். சுழலும்போது டயர் விரியும், கார்ட்டும் அதிர்வில் ஓரமாக ஊர்ந்து வரும். முன்னும் பின்னும் சேஸிஸைப் பட்டையால் கட்டி, ஸ்டாண்டின் சக்கரப் பிரேக்குகளைப் போட்டு, செயினுக்கும் டயருக்கும் நேரே யாரும் நிற்காதபடி பார்த்து, குறைந்த வேகத்தில் சில விநாடி மட்டும். சுமையே இல்லாமல் முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பது எஞ்சினுக்கும் கேடு.

ஹப், ஸ்ப்ராக்கெட் (செயின் பல்சக்கரம்) தாங்கி, பின்சக்கர நட்டு இவற்றை முதல் இளக்கு இளக்குவது கார்ட் தரையில் இருக்கும்போதே. நீளக் கைப்பிடி போட்டு மேலே இழுத்தால் ஸ்டாண்டே கூட வரும். புது ஸ்டாண்டில் முதலில் கார்ட் எடையைப்போல ஒன்றரை மடங்கு மணல் மூட்டை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் மூலைவிட்டத்தை மறுபடி அளந்து, கேஸ்டர் தகட்டு வெல்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, டார்ச் அடித்து விரிசல் தேடுங்கள். விரிசல் வந்தால் அங்கேதான் முதலில் வரும்.