121 தோல்வி கண்ட அணிக்கு ஆட்டத்துக்கு ஒரு எபிசோட் தேவையா?

தெற்குப்பக்கம்:
அணி படுமோசமாக ஆடும் வருஷத்தில் வலைப்பதிவும் பாட்காஸ்ட்டும் ஆட்டத்துக்கு ஒன்றா, வாரத்துக்கு ஒன்றா? என் கட்சி வாரத்துக்கு ஒன்று. 2024 சிகாகோ வொயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியை எடுத்துக்கொள்வோம். 41 வெற்றி, 121 தோல்வி. 1900க்குப் பிறகு மேஜர் லீக்கில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலை) ஒரே சீசனில் இத்தனை ஆட்டம் தோற்ற அணி வேறில்லை. 1962 நியூயார்க் மெட்ஸ் கூட 120தான். மே கடைசியில் தொடங்கித் தொடர்ந்து 14 தோல்வி, ஜூலையில் தொடங்கி 21, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி மறுபடி 12. இந்த 47 ஆட்டங்களுக்கும் தனித்தனியே மைக் முன்னால் உட்கார்ந்தால் நான்காம் நாளே சொன்னதைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும்: பேட்டிங் இல்லை, புல்பென் (ஆட்டத்தின் இடையில் வந்து பந்து வீசும் மாற்று ஆட்கள்) கோட்டைவிட்டது.

எடுத்த ரன் 507, கொடுத்தது 813. இந்த ரன்களுக்கு எத்தனை வெற்றி வர வேண்டும் என்று மதிப்பிடும் பைதகோரியன் கணக்கில் 1.83 அடுக்கு வைத்துப் போட்டால் 48 வெற்றி வருகிறது. ஆக, நேரம் சரியில்லை என்று சொல்லத்தக்கது 7 ஆட்டம் மட்டுமே. மற்றதெல்லாம் அணியின் தரம். இதைச் சொல்ல 162 எபிசோட் எதற்கு?

புல்பென்கதவு:
ஒப்புக்கொள்ள மாட்டேன் நண்பரே. சீசன் முடிந்தபின் ரன் கணக்கை யாரும் போடலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும் விஷயங்கள் வேறு.

சாக்ஸின் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) கேரட் க்ரோஷேயைப் பாருங்கள். 2022இல் முழங்கைத் தசைநாருக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2023இல் மேஜர் லீக்கில் வீசியது 12 இன்னிங்ஸும் சொச்சமும். அதுவரை அங்கே ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடக்கப் பிட்ச்சராக ஆரம்பித்ததில்லை. 2024இல் 146 இன்னிங்ஸ், 209 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது), ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் கொடுத்த சராசரி ரன்) 3.58. ஆனால் அவர் பெயரில் இருப்பது 6 வெற்றி, 12 தோல்வி. ஆல்-ஸ்டார் இடைவேளைக்குப் பிறகு 4 இன்னிங்ஸைத் தாண்ட விடாமல் இறக்கினார்கள், கையைக் காப்பாற்ற. பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் எண் சுருக்கம்) மட்டும் பார்ப்பவர், ஆள் தளர்ந்துவிட்டார் என்று எழுதுவார். அந்த டிசம்பரில் பாஸ்டன் அவருக்காக நான்கு இளம் வீரர்களைக் கொடுத்தது.

தினசரிப் பதிவுக்கு ஒரு அட்டவணை போதும். ஒவ்வொரு ரிலீவரும் (புல்பென் பிட்ச்சரும்) எத்தனை பந்து வீசினார், எந்த இன்னிங்ஸில் வந்தார், அப்போது ரன் வித்தியாசம் என்ன, பேஸில் யார் யார், ஃபாஸ்ட்பால் சராசரி வேகம் எவ்வளவு. வேகத்தை டிவி திரையிலிருந்து எடுக்காதீர்கள், பேஸ்பால் சவன்ட் என்ற தரவுத் தளத்திலிருந்து எடுங்கள். ஏப்ரல் குளிரில் பொதுவாகவே வேகம் குறைவாக இருக்கும் என்பதால், ஜூலை எண்ணை அதோடு ஒப்பிட்டால் வந்துகொண்டிருக்கும் சரிவு மறைந்துவிடும். அதே ஆளின் கடைசி ஐந்து தடவையோடு ஒப்பிடுங்கள். ஒன்றரை, இரண்டு மைல் விழுந்திருந்தால் அதுதான் அன்றைய செய்தி, ஸ்கோர் அல்ல.

தெற்குப்பக்கம்:
அட்டவணையில் எனக்கு மறுப்பே இல்லை. அதை ஏன் தினமும் நாற்பது நிமிஷம் பேச வேண்டும்? தினம் பேசினால் தினம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கேதான் தப்பு நடக்கிறது. 2024 ஜூலையில் ஃபெட்டி, கோப்பெக், ஃபாம் மூவரையும் மூன்று அணி டிரேடில் (வீரர் பரிமாற்றம்) கொடுத்து வாங்கியவர்களில் ஒருவர் மிகேல் வார்காஸ். அந்த சீசனின் மிச்சத்தில் சாக்ஸுக்காக அவர் அடித்த சராசரி .104, அதாவது பத்துக்கு ஒரு ஹிட்தான். ஒவ்வொரு இரவும் அவரைக் கிழித்துத் தொங்கவிட நல்ல வாய்ப்பு. அடுத்த வருஷம் அதே ஆள் .234, 16 ஹோம் ரன். 42 ஆட்டத்தை வைத்து ஒரு பேட்டரைப் புதைக்கக் கூடாது.

முதல்பிக்:
தோற்றால் என்ன? கடைசி இடம் வந்தால் டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வு) முதல் ஆளை எடுக்கலாமே. அதையே பேசலாம்.

புல்பென்கதவு:
முதல்பிக், அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்கு லாட்டரி. வருமானப் பகிர்வில் பணம் போடுகிற பெரிய நகர அணி இரண்டு வருஷம் அடுத்தடுத்து அந்த ஆறுக்குள் வர முடியாது. சாக்ஸ் 2024இல் ஐந்தாவது இடத்தில் ஹேகன் ஸ்மித்தை எடுத்துவிட்டதால், 121 தோல்விக்குப் பரிசாக 2025இல் கிடைத்தது பத்தாவது இடம். இந்த விதியைச் சொல்லாமல் "தோற்கட்டும்" என்று பாட்காஸ்ட் நடத்துவது கேட்பவரை ஏமாற்றுவது.

பண்ணைக்காரன்:
இரண்டு பேரும் மேஜர் லீக்கையே சுற்றுகிறீர்கள். இந்த மாதிரி அணியில் நல்ல செய்தி கீழே, வீரர்களை வளர்க்கும் மைனர் லீக் அணிகளில்தான் இருக்கிறது. 2024இல் மேலே 121 தோல்வி. அதே வருஷம் சாக்ஸின் டபுள்-ஏ (மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே) அணி பர்மிங்ஹாம் பேரன்ஸ் சதர்ன் லீக் பட்டம் வென்றது.

மைனர் லீக்கில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. எனவே வார எபிசோட் என்றால் திங்கள்தான் சரி. மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏ அணி சார்லட்டுக்குப் பந்துக்குப் பந்து ஸ்டாட்காஸ்ட் (கேமரா வைத்து அளக்கும்) தரவு பொதுவில் கிடைக்கிறது. பர்மிங்ஹாமுக்குக் கிடைக்காது, வீடியோ பார்த்தே ஆக வேண்டும். சார்லட் மைதானம் அடிப்பவருக்குச் சாதகம், ஹோம் ரன் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். பந்து மட்டையை விட்டுப் போகும் வேகம், ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளியே வரும் பந்தை எத்தனை தடவை துரத்துகிறார், இந்த இரண்டும் மைதானத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறாது.

இளம் பேட்டர் கோல்சன் மான்ட்கோமரி 2025 ஏப்ரலில் சார்லட்டில் அடிக்கவே முடியாமல் திணறினார். அணி அவரை அரிசோனா பயிற்சி வளாகத்துக்கு அனுப்பி ஸ்விங்கைச் சரிசெய்தது. ஜூலையில் மேலே வந்து 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன். ஏப்ரலில் "ஆள் தேறமாட்டார்" என்று எழுதியதை ஆகஸ்டில் அழித்து எழுத வேண்டிய நிலை வரக்கூடாது.

ஒலிப்பெட்டி:
ஒலி பற்றி மட்டும் சொல்கிறேன். இருவர் வேறு வேறு ஊரில் என்றால் அவரவர் கணினியிலேயே தனி டிராக்காக 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள், தொடக்கத்தில் ஒரு கைதட்டு. அதை வைத்துத்தான் டிராக்குகளைப் பொருத்த முடியும். சாதாரண அறையில் கண்டென்சர் மைக் வேண்டாம், எதிரொலியையும் ஃபேன் சத்தத்தையும் சேர்த்து உறிஞ்சும். டைனமிக் மைக், வாயிலிருந்து நாலு விரல் தூரம். ஸ்டீரியோவுக்கு ஒலி அளவு மைனஸ் 16 லஃப்ஸ். ரேடியோ வர்ணனையை வெட்டிப் போடாதீர்கள், அது உரிமை உள்ளது. ஸ்கோரும் நடந்ததும் யாருக்கும் பொதுவான தகவல், உங்கள் குரலில் சொல்லுங்கள். சியாட்டில் போன்ற மேற்குக்கரை இரவு ஆட்டம் சிகாகோ நேரப்படி நடுநிசி நெருங்கித்தான் முடியும். அப்போது பதிந்தால் குரல் சோர்ந்திருக்கும், மறுநாள் காலை பதியலாம்.

தெற்குப்பக்கம்:
பண்ணைக்காரன் சொல்கிற திங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். தினமும் அட்டவணை, திங்கள்தோறும் மைக். இன்னொரு வரியும் அட்டவணையில் சேரட்டும்: ரூல் 5 ஆட்கள், அதாவது மற்ற அணிகளின் மைனர் லீக்கிலிருந்து டிசம்பரில் நடக்கும் தனித் தேர்வில் எடுப்பவர்கள். இதில் லாட்டரி இல்லை, கடைசி அணிக்கு முதல் தேர்வு. 1,00,000 டாலர் கொடுத்து எடுத்தவரை சீசன் முழுக்க 26 பேர் பட்டியலில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய அணிக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். ஜெயிக்கப் போராடும் அணி அந்த இடத்தை வீணடிக்கத் தயங்கும், தோற்கிற அணிக்கு அந்தக் கவலை இல்லை. 2024 டிசம்பரில் மில்வாக்கியிடமிருந்து எடுத்த ஷேன் ஸ்மித் 2025இல் ஆல்-ஸ்டார்.

புல்பென்கதவு:
திங்கள் மட்டும் என்றால் இன்னும் உடன்படவில்லை. 2024 செப்டம்பர் கடைசி வாரத்தைப் பாருங்கள். 120 தோல்வியோடு நின்ற அணி சொந்த மைதானத்தில் ஏஞ்சல்ஸை மூன்று ஆட்டமும் வென்றது, வெள்ளியன்று டெட்ராய்ட்டில் 121வது தோல்வி, பிறகு இரண்டு வெற்றி. ஆறு நாளில் ஐந்து வெற்றி. சீசனில் எல்லாரும் திரும்பிப் பார்த்த வாரம். திங்கள் வரை காத்திருந்தால் சீசனே முடிந்துபோயிருக்கும்.

டிரேட் டெட்லைன் வாரத்திலும் அதே சிக்கல். நீங்கள் சொன்ன வார்காஸ் டிரேட் நடந்தது ஜூலை 29, திங்கள். கெடு செவ்வாய் மாலை. திங்கள் காலை பதிந்த எபிசோட் அன்றே பழசு. குறைந்தது அந்த வாரமாவது புதன் காலைக்குத் தள்ளிவையுங்கள்.