சந்தைக்குத் தவறாமல் வருகிறவர்களுக்கு நன்றி: சிறு உணவுக்கடைக்காரர்களின் அனுபவக் குறிப்புகள்

ரொட்டி சுடுபவர்:

விவசாயிகள் சந்தைக்கு வாராவாரம் வருகிறவர்கள் செய்யும் உதவிகளில் பெரியது எது என்று கேட்டால், முதல்நாளே "எனக்கு ரெண்டு எடுத்து வையுங்க" என்று சொல்லிவிடுவதுதான். மாவை முந்தின நாளே பிசைந்தாக வேண்டும். குளிர்பெட்டியில் 4, 5 டிகிரியில் 12 முதல் 16 மணி நேரம் கிடந்து புளிக்க வேண்டும். எத்தனை ரொட்டி என்பதை வானம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே முடிவு செய்கிறோம். மறுநாள் மழை பிடித்துக்கொண்டால் பிசைந்த மாவை என்ன செய்வது? பாதி ரொட்டிக்காவது முன்பதிவு இருந்தால் அன்றைக்குப் போட்ட பணமாவது கைக்கு வந்துவிடும்.

அந்த நம்பிக்கைக்குப் பதிலாக நாம் செய்ய வேண்டியது எடையில் நேர்மை. 500 கிராம் என்று விற்கும் ரொட்டிக்கு 500 கிராம் மாவு போதாது. சுடும்போது ஈரம் போய் 10 முதல் 15 சதவீதம் குறையும். 590 கிராம் மாவாக உருட்டினால்தான் ஆறிய பிறகும் 500 நிற்கும். ஒவ்வொரு ஈட்டிலும் நாலைந்தை ஆறவிட்டு எடை போட்டுப் பாருங்கள்.

அவசரத்தில் பலரும் கெடுத்துக்கொள்வது இன்னொன்று. சூடு ஆறாத ரொட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளே வேர்த்து மேல்தோல் நமத்துப்போகும், பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும். கம்பித்தட்டில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறட்டும். சூடாகவே வேண்டும் என்பவருக்குக் காகிதப் பை, அதுவும் வாய் திறந்தபடி.

முன்பதிவுப் பையில் பெயர், எண்ணிக்கை, வாங்கிய முன்பணம் மூன்றையும் எழுதுங்கள். எத்தனை மணி வரை வைத்திருப்போம் என்பதை வாங்கும்போதே சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

ஜாம், ஊறுகாய் போடுபவர்:

எங்க வகையில பெரிய உதவி காலி பாட்டில். கழுவித் துடைச்சு, பை நிறையக் கொண்டுவந்து தர்றவங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஊர் உணவுப் பாதுகாப்பு விதி மறுபயன்பாட்டை அனுமதிக்குதான்னு கேட்டுக்கோங்க. சில இடங்கள்ல அனுமதி இல்ல.

வந்த பாட்டிலோட வாயில விரலை மெதுவா ஓட்டிப் பாருங்க. சின்னச் சில்லு பேர்ந்திருந்தாலும் மூடி காத்தை அடைக்காது, அதை ஒதுக்கிடுங்க. எண்ணெய் வாடையோ சோப்பு வாடையோ அடிச்சா அதுவும் வேண்டாம், உணவு தவிர வேற எதுக்குப் பயன்பட்டுதுன்னு யாருக்குத் தெரியும். மீதியைச் சுடுதண்ணியில தேய்ச்சுக் கழுவி, தண்ணியில முக்கி 10 நிமிஷம் கொதிக்க விடுங்க. குளிர்ந்த பாட்டிலைக் கொதிக்கிற தண்ணியில போடாதீங்க, சூடான ஜாமையும் குளிர்ந்த பாட்டில்ல ஊத்தாதீங்க. ரெண்டுலயும் கண்ணாடி விரிசல் விடும். மூடி மட்டும் எப்பவும் புதுசு. பழைய மூடியோட உள்பக்க ரப்பர்ப் பூச்சுல முந்தின பாட்டிலோட தடம் பதிஞ்சிருக்கும், ரெண்டாம் தடவை சரியா ஒட்டாது.

இவ்வளவு உதவி செய்யறவங்க ஒண்ணு கேட்டா மறுக்க மனசு வராது. அங்கதான் கவனமா இருக்கணும். "சர்க்கரையைப் பாதியாக் குறைங்களேன்"னு கேட்பாங்க. வழக்கமான ஜாம்ல கரைஞ்ச திடப்பொருள் 65 சதவீதம் வரை இருக்கு, அதுல பெரும்பங்கு சர்க்கரை. ஜாம் இறுகுறதும் வெளியில கெடாம இருக்கறதும் அதனாலதான். பாதியாக் குறைச்சா ஓடும், திறந்த கொஞ்ச நாள்லயே பூஞ்சணம் வரும். குறைஞ்ச சர்க்கரையில இறுக, கால்சியத்தோட சேர்ந்து இறுகுற பெக்டின் (பழத்துலேர்ந்து எடுக்குற, ஜாமை இறுக வைக்கிற பொருள்) வகை தனியா இருக்கு. அதை வச்சுச் செஞ்சா சின்ன பாட்டில்ல அடைச்சு, "திறந்த பின் குளிர்பெட்டியில் வைக்கவும்"னு பெரிய எழுத்துல போடுங்க.

அடுத்த கோரிக்கை எண்ணெய்ல ஊறின பச்சைப் பூண்டு. இதுக்கு அன்பா, ஆனா உறுதியா முடியாதுன்னு சொல்லிடுங்க. பூண்டுல புளிப்பு குறைவு, எண்ணெய்க்குள்ள காத்து இல்ல. சாதாரண வெப்பத்துல வச்சா பொட்டுலிசம்ங்கற, உயிரையே எடுக்கக்கூடிய உணவு நஞ்சை உண்டாக்குற நுண்ணுயிர் வளர அதுவே போதும், வாடையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. ஊறுகாய்க்குப் பி.எச். (புளிப்பைக் காட்டுற அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழ இருக்கணும். போட்டவுடனே அளந்தா பொய்க்கணக்கு வரும். புளிப்பு துண்டுக்குள்ள இறங்க ஒரு நாளாவது விட்டு, துண்டும் சாறுமா அரைச்சு அளங்க. பி.எச். மீட்டரை, பி.எச். 4, 7-ன்னு குறிச்ச ரெண்டு கரைசல்லயும் சரிபார்த்துக்கோங்க.

சூடான உணவு விற்பவர்:

குறையை வேறெங்கும் எழுதாமல் நேரே கடைக்கு வந்து சொல்கிறவர்தான் உண்மையான ஆதரவாளர். அவரிடம் வாதாட வேண்டாம். எப்போது வாங்கினார், எப்போது திறந்தார், எங்கே வைத்திருந்தார் என்ற மூன்றையும் அவர் எதிரிலேயே எழுதிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பொட்டலங்களில் ஈட்டு எண் எழுதும் பழக்கமும், ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்றை எடுத்து வைக்கும் பழக்கமும் இருந்தால் அன்று மாலையே குறை எங்கே என்று பார்த்துவிடலாம். இரண்டும் இல்லாவிட்டால் ஊகம்தான்.

பரிமாறும் சூடு 60 டிகிரிக்குக் குறையக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நடுவில் கிடந்த நேரம் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். வெப்பமானியை நம்பும் முன் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் விட்டுப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். ருசி பார்க்கக் கொடுப்பதை மூடி போட்டு வைத்து, ஆளுக்கொரு குச்சி. குச்சி போட ஒரு டப்பா பக்கத்திலேயே இல்லாவிட்டால் அதே தட்டுக்குத் திரும்பி வரும்.

சந்தை ஏற்பாட்டில் இருப்பவர்:

பெட்டி இறக்க, கூடாரம் விரிக்க வாடிக்கையாளர்களே கைகொடுப்பது நல்ல விஷயம். ஆனால் காற்று அடிக்கும்போது அவர்களைக் கூடாரக் காலைப் பிடிக்கச் சொல்லாதீர்கள், அவர்களாக வந்தாலும் விலக்குங்கள். மூன்று மீட்டர் சதுரக் கூடாரம் காற்றில் கிளம்பினால் நாலு பேர் பிடித்தாலும் நிற்காது. காலுக்கு 15 கிலோவாவது எடை வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று 20 கிலோ, அது போதும். கயிற்றை மேல்சட்டத்தில் கட்டி இறுக்குங்கள், கேன் தரையில் உட்கார வேண்டும். ஊசலாடும் எடையில் ஆள் இடறி விழுவார். காற்று கூடினால் முதல் வேலை கூடாரத்தை மடக்குவது. வியாபாரம் அப்புறம்.

ரொட்டி சுடுபவர்:

நன்றி சொல்ல "பத்து வாங்கினால் ஒன்று இலவசம்" அட்டை போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பதினொன்றில் ஒன்று இலவசம் என்றால் 9 சதவீதத் தள்ளுபடி. மாவு, எரிபொருள், இட வாடகை போக மிஞ்சுவதே அவ்வளவுதான் என்றால் அட்டை உங்களையே தின்றுவிடும். புதிதாகச் செய்து பார்க்கும் வகையை முதலில் அவர்களுக்குக் கொடுங்கள், ஓரம் உடைந்ததைக் கூடச் சேர்த்துக் கட்டுங்கள். வரிசையில் புதியவர் நிற்கும்போது பழையவருக்கு மட்டும் கொசுறு போடுவது அழகில்லை, பையில் முன்பே போட்டு வைத்துவிடுங்கள்.

ஜாம், ஊறுகாய் போடுபவர்:

சில்லறையையும் சேர்த்துக்கோங்க. காலையில சரியான சில்லறையோட வர்றவங்களாலதான் முதல் அரைமணி ஓடுது. பெரிய நோட்டுகளை நம்பிப் போகாம, சின்ன நோட்டும் காசும் முந்தின நாளே மாத்தி வைங்க. கடை போட முடியாத வாரம்னா ரெண்டு வாரம் முன்னாடியே பலகையில எழுதுங்க, பக்கத்துக் கடையிலயும் சொல்லி வைங்க. தூரத்துலேர்ந்து பாட்டில் மூட்டையோட வர்றவங்க அப்பதான் வெறும் இடத்தைப் பார்த்துத் திரும்ப மாட்டாங்க.