காரைக்குடிப் பக்கம் 1930-கள் வீடு: 18 லட்சத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி:
பழைய செட்டிநாட்டு வீட்டைப் பழுதுபார்க்க 18 லட்சம் வைத்திருக்கிறோம். முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு), இரண்டாங்கட்டு சேர்த்து சுமார் 4,000 சதுர அடி. வளவைச் சுற்றிச் சீமை ஓடு, முகப்புக்கு மேல் மெட்ராஸ் டெரஸ் (மரக் கட்டைகள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை). டெரஸ் ஒழுகுகிறது. மேற்குச் சுவரில் நான்கு வருடம் முன்பு 4 அடி உயரம் சிமென்ட் பூசினோம். இப்போது அதற்கு மேலே உப்புப் பூத்து உதிர்கிறது. மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல்கிறார். சரிதானா?

பதில்:
சதுர அடி ரேட் புது வீட்டுக்கு. இங்கே வேலைவாரியாக அளந்து வாங்குங்கள்.

முதலில் 3 லட்சத்தைத் தொடாமல் ஒதுக்குங்கள். டெரஸைப் பிரித்தால்தான் அதைத் தாங்கும் உத்தரக் கட்டைகளின் நிலைமை தெரியும். சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் மட்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள், பொதபொதவென்று இறங்கினால் அந்த முனை போச்சு. மட்கியதை மட்டும் அறுத்துவிட்டு, அந்த இடத்தில் புதுக் கட்டையை இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு இணைக்கலாம். முழுக் கட்டையையும் மாற்றத் தேவையில்லை.

மீதி 15-ல் பாதி கூரைக்கும் மரத்துக்குமே போகும். ஒழுகுகிறதே என்று டெரஸ் மேல் சிமென்ட் கான்கிரீட் போட்டுவிடாதீர்கள்: கட்டைக்குப் பாரம் கூடும், விரிசலும் விடும். பழைய தட்டோட்டை (மேலே பதித்த தட்டை ஓடு) எடுத்து, செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ கலந்து 3 அங்குலம் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு. சாரம் கட்டியிருக்கும்போதே ஓட்டு வேலையும், ஓட்டைத் தாங்கும் கைமர வேலையும் முடியட்டும், இரண்டாவது சாரக்கூலி மிச்சம்.

சுவருக்கு வினை அந்த சிமென்ட்தான். அடியில் ஏறும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறுகிறது. முற்றத்து வடிகாலில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். வடிகாலைச் சரிசெய்து, சிமென்ட்டைக் கொத்தி, ஒரு கோடை காயவிட்டுப் பிறகு சுண்ணாம்புப் பூச்சு. ஈரத்தின் மேலேயே பூசினால் அதே பணம் இரண்டாவது தடவை.

கேட்டவர்:
நன்றி சார். வயரிங்கும், 600 சதுர அடித் தரைக்கு ஆத்தங்குடிக் கல்லும் (கையால் செய்யும் சிமென்ட் தரை ஓடு) இதில் அடங்குமா?

இன்னொரு பதில்:
வயரிங் அடங்கும், பூச்சுக்கு முன்பே முடிக்க வேண்டும். எர்த் கம்பி தனியாக இழுக்கச் சொல்லுங்கள். தரை கடைசி, பணம் இடித்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள், கல் ஓடிப்போகாது. 8 அங்குலக் கல் 100 சதுர அடிக்கு 225, ஆக 1,350. உடைசலுக்குச் சேர்த்து 1,500, ஒரே தடவையாக. கைவேலை என்பதால் அடுத்த தடவை நிறம் ஒத்து வராது. சுடாத கல், ஆசிட் போட்டுக் கழுவக் கூடாது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி மறக்காதீர்கள் சார்: பிரித்தெடுக்கும் மரமும் ஓடும் வீட்டுக்காரருக்கே. எழுதாவிட்டால் பர்மா தேக்கு ‘குப்பை’ லாரியில் ஏறிவிடும்.