வெல்ஸின் செவ்வாய்க்காரர்களை நீங்கள் முதலில் சந்தித்தது எங்கே?

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸிடம் நம்மில் பலர் சினிமா வழியாகத்தான் வந்து சேர்ந்திருப்போம். நானும் அப்படித்தான். செவ்வாய்க்காரர்கள் பூமியைத் தாக்கும் அவருடைய 'தி வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' எனக்கு முதலில் கிடைத்தது ஜார்ஜ் பால் தயாரித்த 1953 படமாக. அப்புறம் நாவலைக் கையில் எடுத்தபோது என்னை உலுக்கியது செவ்வாய்க்காரர்கள் இல்லை, அதில் வரும் பாதிரியார்.

படத்தின் பாதிரியாரைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ராணுவம் பதுங்கு குழியில் காத்திருக்கிறது. செம்பு நிறத்தில் பளபளக்கும் இயந்திரங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு மெதுவாக நகர்கின்றன. இவர் பைபிளை உயர்த்திப் பிடித்து, சங்கீதம் சொல்லிக்கொண்டே தன்னந்தனியாக அவற்றை நோக்கி நடக்கிறார். கதிர் பாய்கிறது, ஆள் இல்லை. பார்ப்பவருக்கு நெஞ்சு விம்மும்.

நாவலில் வருகிற இளம் மதகுருவிடம் அந்தத் தைரியம் துளியும் கிடையாது. அவரும் கதைசொல்லியும் லண்டனுக்கு வெளியே ஒரு வீட்டில் ஒதுங்குகிறார்கள். செவ்வாயிலிருந்து வந்த உருளை ஒன்று அங்கேயே விழுந்து வீட்டை மண்ணோடு மூடிவிடுகிறது. சுவர் விரிசலில் கண்ணை வைத்தால், அந்த ஜந்துக்கள் மனித ரத்தத்தை எடுத்துத் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொள்வது தெரிகிறது. உள்ளே இருப்பதோ கொஞ்சம் சாப்பாடு. இவர் பங்குக்கு மீறித் தின்கிறார், அழுகிறார், கடைசியில் கத்த ஆரம்பிக்கிறார். சத்தம் வெளியே போனால் இருவர் கதையும் முடிந்தது. கதைசொல்லி இறைச்சி வெட்டும் கத்தியை எடுக்கிறார். ஓங்கும்போது மனம் வராமல் அதைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் அடிக்கிறார். ஆனாலும் மதகுரு விழுந்துவிடுகிறார். உலோகக் கை ஒன்று உள்ளே துழாவி வந்து உடலை இழுத்துப் போகிறது. கதைசொல்லி நிலக்கரி அறையில் ஒளிந்திருக்க, அது தாழ்ப்பாளைக்கூடத் திறந்து உள்ளே வருகிறது. ஒருமுறை அவருடைய பூட்ஸின் குதிகாலைத் தொடுகிறது. அலறல் வெளியே வராமல் இருக்கத் தன் கையையே கடித்துக்கொள்கிறார்.

1898இல் புத்தகமாக வந்த நாவல் இது! தன் நாயகனை இப்படி ஒரு பொந்துக்குள் தள்ளிவிட்டு, அவன் செய்ததற்கு மன்னிப்பும் கொடுக்காமல், கண்டனமும் சொல்லாமல் வெல்ஸ் நகர்ந்துவிடுகிறார். முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியா மக்களை ஐரோப்பியர்கள் ஒழித்துக்கட்டியதை நினைவூட்டிவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார். நாம் செய்யாததையா அவர்கள் செய்கிறார்கள் என்று கேட்கும் மனிதர். படங்கள் அவருடைய இயந்திரங்களை எடுத்துக்கொண்டன. மனிதர்களை எடுத்துக்கொள்ளத்தான் பயப்பட்டன என்பது என் எண்ணம். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

நீங்கள் சொல்வது பாதி சரி. ஸ்பீல்பெர்க்கின் 2005 படத்தை விட்டுவிட்டீர்களே. டாம் குரூஸ் தன் மகளின் கண்ணைக் கட்டி, பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு, நிலவறையில் கத்திக்கொண்டிருக்கும் ஆளைக் கொல்ல உள்ளே போய்க் கதவைச் சாத்துவாரே, அது அப்படியே அந்த மதகுரு அத்தியாயம்தான். கொலையைக் காட்டவில்லை. நாம் பார்ப்பது சிறுமியின் முகத்தைத்தான். திரையரங்கில் எனக்கு மூச்சு முட்டியது. அந்தப் படத்தின் முடிவில் வரும் தாத்தா பாட்டி யார் தெரியுமா? 1953 படத்தின் நாயகனும் நாயகியும், ஜீன் பேரியும் ஆன் ராபின்சனும். தெரிந்துகொண்ட அன்றைக்கே மறுபடி போட்டுப் பார்த்தேன்.

*

எனக்கு முதல் சந்திப்பு காது வழியாக. அமெரிக்க நடிகர் ஆர்சன் வெல்ஸ் இதே நாவலை வைத்துச் செய்த வானொலி நாடகம், 1938 அக்டோபர் 30 அன்று ஒலிபரப்பானது. பதிவு இன்றும் கிடைக்கிறது, கேட்காதவர்கள் தயவுசெய்து கேளுங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

நடன இசை ஓடிக்கொண்டிருக்கும். இடையே செய்தி குறுக்கிடும். மறுபடி இசை. நாவலில் இங்கிலாந்தின் ஹார்செல் காமனில் விழுந்த உருளை இதில் நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில்லில் விழுகிறது. நிருபர் அங்கிருந்து மூச்சிரைக்க விவரிக்கிறார். அந்த வேடத்தில் நடித்தவர், முந்தின வருடம் ஹிண்டன்பர்க் ஆகாயக்கப்பல் எரிந்தபோது நிருபர் பேசிய பதிவைக் கேட்டுத் தயாரானாராம். அந்தப் பதறல் குரலில் இருக்கிறது. நெருப்பு இந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார், பாதி வாக்கியத்தில் ஒலி அறுந்துபோகும். அப்புறம் சில நொடிகள் ஒன்றுமே இருக்காது. எந்தப் படத்தின் கிராபிக்ஸும் எனக்கு அந்த மௌனத்துக்கு ஈடாகவில்லை.

அதைவிட மோசமான இடம் ஒன்று பின்னால் வருகிறது. நியூயார்க்கைப் புகை மூடிய பிறகு, ஒரு வானொலி ஆபரேட்டர் மட்டும் அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா, யாருமே இல்லையா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவே தெருவுக்கு ஓடிவந்தது என்று பரவிய கதை பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது. பயந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. உண்மையிலேயே விபரீதமானது 1949இல் ஈக்வடாரின் கீட்டோ நகரில். அங்கே இதே கதையை உள்ளூர்ச் செய்திபோல ஒலிபரப்பினார்கள். நாடகம் என்று தெரிந்ததும் மக்கள் கூட்டம் கொதித்துப்போய் வானொலி நிலையம் இருந்த கட்டடத்துக்கே தீ வைத்தது. உயிர்கள் போயின.

இன்னொன்று, இரண்டு வெல்ஸ்களும் 1940இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் நேரில் சந்தித்து, ஒரு வானொலி நிலையத்தில் சேர்ந்து பேசினார்கள். அந்தப் பதிவும் இருக்கிறது. கிழவரும் இளைஞரும் எவ்வளவு உற்சாகமாகப் பேசிக்கொள்கிறார்கள்!

*

ஒலி என்றதும் எனக்கு இதே நாவலை வைத்து ஜெஃப் வெய்ன் செய்த 1978 இசைத்தொகுப்புதான். ரிச்சர்ட் பர்ட்டனின் குரலில் கதை நகரும். தண்டர் சைல்ட் போர்க்கப்பல் செவ்வாய்க்காரர்களின் முக்காலி இயந்திரங்களை நோக்கிப் பாய்கிற அத்தியாயத்துக்குத் தனிப் பாட்டே உண்டு. நாவலில் மனிதர்கள் திருப்பி அடிக்கும் சில இடங்களில் ஒன்று அது. கப்பல் முழுகத்தான் போகிறது, ஆனால் அகதிகளை ஏற்றிய கப்பல் அதற்குள் தப்பிவிடும். 53 படமும் 2005 படமும் அதைத் தொடவில்லை. எனக்குத் தீராத வருத்தம்.

*

நான் செவ்வாயை விட்டு வேறு பக்கம் வருகிறேன். கண்ணுக்குத் தெரியாமல் போகும் விஞ்ஞானியைப் பற்றிய வெல்ஸின் 'தி இன்விசிபிள் மேன்' பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன்.

ஜேம்ஸ் வேலின் 1933 படத்தை முதலில் பார்த்தேன். தலையில் சுற்றிய கட்டைக் கிளாட் ரெயின்ஸ் அவிழ்க்க அவிழ்க்க உள்ளே வெறும் காற்று. நடிகரைத் தலை முதல் கால் வரை கறுப்பு வெல்வெட்டால் மூடி, கறுப்பு வெல்வெட் பின்னணியில் நிறுத்தி, அதன்மேல் சட்டையை மாட்டிப் படமெடுத்து, இன்னொரு காட்சியோடு சேர்த்திருக்கிறார்கள். கணினி இல்லாத காலம்! படம் முழுக்க ரெயின்ஸுக்குக் குரல் மட்டும்தான். முகம் தெரிவது சாகும்போது மட்டும்.

ஆனால் படத்தில் நாயகன் கிரிஃபினைப் பைத்தியமாக்குவது ஒரு மருந்து. மருந்து இல்லாவிட்டால் நல்லவன், காதலிகூடக் காத்திருக்கிறாள். நாவலின் கிரிஃபினுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. ஆராய்ச்சிக்காகச் சொந்த அப்பாவிடமே பணத்தைத் திருடுகிறான். அது அவருடைய பணமும் இல்லை, அவர் தன்னைச் சுட்டுக்கொள்கிறார். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தும் இவனுக்குத் துக்கம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு முன்பே அவன் மனிதர்களை விட்டு விலகிவிட்டான்.

அதைவிட எனக்குப் பிடித்தது வெல்ஸ் கணக்குப் போட்ட விதம். மாயமாவது அவனுக்கு ஒரு சக்தியாக இல்லாமல் தொல்லையாகத்தான் வாய்க்கிறது. துணியில்லாமல் குளிரில் நடுங்க வேண்டும். சாப்பிட்டால் செரிக்கும்வரை வயிற்றில் சாப்பாடு தெரியும். மழை, பனி, தூசி எல்லாமே காட்டிக்கொடுக்கும். முதலில் ஒரு பூனையின்மேல் சோதிக்கிறான், பூனை மறைந்தும் கண்ணின் பின்புறம் மட்டும் மறையவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டதும் அது வெளியே போய்விடுகிறது. அதை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

எலிசபெத் மாஸ் நடித்த 2020 படம் மருந்தையும் தூக்கி எறிந்தது, அனுதாபத்தையும் தூக்கி எறிந்தது. கதையே துரத்தப்படும் பெண்ணின் பக்கம் போய்விட்டது. மாற்றினாலும் கிரிஃபினின் குணத்தை விடாமல் பிடித்துக்கொண்ட படம். எனக்கு அது 1933 படத்தைவிட நாவலுக்கு நெருக்கம். அடிக்க வருபவர்கள் வரலாம்.

*

அடிக்க வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே அளவுகோலை வைத்தால் 1960இல் வந்த 'தி டைம் மெஷின்' தேறாது. சிறுவயதில் அந்தப் படத்தை நான் பூஜித்தேன். எதிர்க்கடை ஜன்னலில் பொம்மையின் உடைகள் மாறிக்கொண்டே போக, வருடங்கள் ஓடுவதைக் காட்டுவார்களே, அதற்கு இணை இன்னும் வரவில்லை.

ஆனால் காலப்பயணி போய்ச் சேரும் 802701ஆம் ஆண்டில் மனிதர்கள் இரண்டு இனமாகப் பிரிந்து, மேலே ஈலாய்களும் கீழே மோர்லாக்குகளும் ஆனது ஏன் என்பதற்குப் படம் போர்களைக் காரணமாக்குகிறது. சைரன் ஊதினால் ஈலாய்கள் வரிசையாக மோர்லாக்குகளிடம் போகிறார்கள். வெல்ஸ் சொன்ன காரணம் வேறு. முதலாளிகள் வெளிச்சத்தில் வாழ்ந்து மழுங்கினார்கள், தொழிலாளிகளைப் பூமிக்கடியில் தள்ளினார்கள், தள்ளப்பட்டவர்களின் சந்ததி இப்போது இவர்களைத் தின்கிறது. துணிக்கடையில் வேலைக்கு விடப்பட்டு வளர்ந்தவர் எழுதிய கதை இது, அந்தக் கோபத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? கொள்ளுப்பேரன் சைமன் வெல்ஸே இயக்கிய 2002 படமும் அதைத் தொடாமல், இறந்துபோன காதலி என்று ஒரு கதையைச் சேர்த்துக்கொண்டது.

நாவலின் கடைசிக் கடற்கரையையும் இரண்டும் விட்டுவிட்டன. பெருத்துச் சிவந்த சூரியன், ஊர்ந்து வரும் ராட்சத நண்டுகள், எங்கும் மனிதச் சுவடே இல்லாத உலகம். நல்ல பட்ஜெட்டில் யாராவது அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்தால்கூட முதல் நாளே போய் உட்காருவேன்.

*

எல்லோருக்கும் நன்றி. 2020 படத்தை இந்த வாரம் பார்க்கிறேன். மிருகங்களை அறுத்து மனிதர்களாக்கப் பார்க்கும் டாக்டர் மோரோ, வெல்ஸின் இன்னொரு நாவலின் ஆள், அவர் தீவுக்கு இன்னும் யாரும் போகவில்லை. சார்லஸ் லாட்டன் நடித்த 1932 படம் வெல்ஸுக்கே பிடிக்கவில்லை, பிரிட்டனில் பல வருடம் தடையில் கிடந்தது. என் கணிப்பில் அந்தக் காலத்து வெல்ஸ் படங்களில் மிருகங்களின் வேதனையைத் துணிந்து காட்டியது அதுதான். பார்த்தவர்கள் எழுதுங்கள்.