மடிநோய்க்கு முதலில் கற்றாழையா, ட்யூபா?

நாலு மாட்டுக்காரி (கோபி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் நாலு கறவை இருக்கின்றன. அதில் ஒன்று ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து, கன்று போட்டு இன்றோடு 12 நாள். நேற்று சாயங்காலம் இடது பின்காம்பில் முதல் பீச்சே பால் திரிதிரியாக வந்தது. இன்று காலை அந்தப் பக்க மடி கல் மாதிரி இருக்கிறது, கை வைத்தால் உதைக்கிறாள். தீவனம் தின்கிறாள், அசையும் போடுகிறாள்.

போன வருடம் இன்னொரு மாட்டுக்கு இப்படி வந்தபோது மூன்று நாள் காம்புக்குள் ஆன்டிபயாடிக் மருந்து ட்யூப் ஏற்றினோம். சரியான மாதிரிதான் தெரிந்தது. இருபதாம் நாள் திரும்ப வந்தது. கடைசியில் அந்தக் காம்பு வற்றியே போய்விட்டது. இப்போது அவள் மூன்று காம்பு மாடு. அதனால் ட்யூப் என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து அக்கா கற்றாழையும் மஞ்சளும் அரைத்துப் போடச் சொல்கிறார். வீட்டுக்காரர் டாக்டரைக் கூப்பிடு என்கிறார். எதை முதலில் செய்வது?

கற்றாழை வேலி (ஒரத்தநாடு)

அக்கா, தயங்காமல் அரைத்துப் போடுங்கள். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையைத் தோல் சீவ வேண்டாம், ஓரத்து முள்ளை மட்டும் நீக்கிவிட்டு நறுக்கி மிக்சியில் போடுங்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் விழுது செங்கல் நிறத்துக்கு மாறும். மாறவில்லை என்றால் சுண்ணாம்பு பழையது, வேறு வாங்குங்கள்.

முதலில் நோய்க் காம்பில் இருக்கும் பாலை முழுக்கக் கறந்து வெளியே கொட்டுங்கள். மடியைக் கழுவுங்கள். ஒரு கைப்பிடி விழுதைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூசுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கழுவிவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து தடவை, ஐந்து நாள். கூடவே எலுமிச்சம்பழம் இரண்டை நறுக்கித் தின்னக் கொடுங்கள். பாலில் ரத்தம் கலந்து வந்தால் கறிவேப்பிலையும் வெல்லமும் அரைத்து உள்ளுக்குக் கொடுக்க வேண்டும்.

இது பாட்டி வைத்தியம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி அளவெல்லாம் வகுத்துச் சொல்லிக்கொடுத்த முறை. தேசிய பால்வள வாரியமும் இதைத்தான் விவசாயிகளுக்குப் பரப்புகிறது. ஆறு வருடமாக என் கொட்டகையில் மடிநோய்க்கு ட்யூப் வாங்கியதில்லை.

கிராமத்துக் கால்நடை மருத்துவர்

அம்மா, அரைப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் எவ்வளவு? காது சில்லென்று இருக்கிறதா? பால் திரியாக மட்டும் வருகிறதா, மஞ்சள் தண்ணீர் மாதிரி வருகிறதா?

மாட்டுக்கு 101.5 டிகிரி இயல்பு. 104, 105 என்று ஏறி, தீவனத்தை விட்டு, பால் தண்ணீராகப் போனால் அது ஈ.கோலை மாதிரிக் கிருமியின் வேலையாக இருக்கலாம். அதில் நஞ்சு ரத்தத்தில் கலக்கிறது. சாயங்காலம் நின்றுகொண்டிருந்த மாடு மறுநாள் படுத்துவிடும், அடுத்த நாள் இருக்காது. காம்பு நீலம் பாய்ந்து சில்லிட்டுப்போனால் இன்னும் மோசம், அங்கே சதையே அழுகுகிறது. 14 வருடத்தில் இப்படிப் பல மாடுகளைக் கடைசி நேரத்தில் பார்த்திருக்கிறேன். மடி முழுக்க மஞ்சள் காய்ந்து அப்பியிருக்கும். "இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்றிருந்தோம்" என்பார்கள். என் கோபம் கற்றாழை மேல் இல்லை, அந்த இரண்டு நாள் மேல்தான்.

கற்றாழை வேலி

டாக்டர் ஐயா, காய்ச்சல் 105 இருக்கும் மாட்டுக்குக் கற்றாழை போதும் என்று நான் சொல்லவில்லை. அக்காவின் மாடு தின்கிறது, அசை போடுகிறது. இதற்கும் எடுத்த எடுப்பில் ஆன்டிபயாடிக் எதற்கு? எந்தக் கிருமி என்று பார்த்துவிட்டா ட்யூப் எழுதுகிறீர்கள்? ஊர் ஊராக ஒரே ட்யூப், ஒரே ஊசி. 2019-இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசே தடை போட்டது. மனிதனுக்குக் கடைசியாகக் கைகொடுக்கும் மருந்து வீணாகிறது என்றுதானே?

சொசைட்டி பால் அளப்பவர்

என் பக்கத்து விஷயத்தையும் சொல்கிறேன். ட்யூப் போட்ட மாட்டின் பால் கேனில் வந்து சேர்வது எங்களுக்குத் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் ஊற்றாவிட்டால் அன்றைய காசு போச்சு.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று நாள் தயிர் உறையவே இல்லை. உறையை மாற்றினார்கள், பாத்திரத்தை மாற்றினார்கள், வெதுவெதுப்பும் சரியாகத்தான் இருந்தது. நாலாம் நாள்தான் தெரிந்தது, அவர்கள் வாங்கிய பால் ட்யூப் போட்ட மாட்டுப் பால். மாட்டுக்குப் போட்ட மருந்து உறையில் இருக்கிற நல்ல கிருமியையும் கொன்றிருக்கிறது. பாலைக் காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நினைக்கிறார்கள், பெரும்பாலானவை போகாது. அந்த வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. அதனால் நான் கற்றாழைப் பக்கம்தான்.

கிராமத்துக் கால்நடை மருத்துவர்

இது நூற்றுக்கு நூறு உண்மை, எங்கள் ஆட்களும் இதில் குற்றவாளிகள். எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று ட்யூப் உறையிலேயே அச்சடித்திருக்கும். அதைப் படித்துச் சொல்லாமல் வருகிற மருத்துவர் பாதி வைத்தியம்தான் செய்கிறார். நோய்க் காம்புப் பாலை மட்டும் கொட்டிவிட்டு மற்ற மூன்றையும் ஊற்றுவதும் தவறு, மருந்து ரத்தம் வழியாக எல்லாக் காம்புக்கும் போகும்.

ஆனால் கற்றாழை வேலி நண்பரிடம் ஒரு கேள்வி. ஆறு வருடமாக மாடுகள் குணமானதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கற்றாழை வேலி

வீக்கம் வற்றியது, திரி நின்றது, கறவை பழையபடி வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கிராமத்துக் கால்நடை மருத்துவர்

அங்கேதான் சிக்கல். லேசான ஈ.கோலை நோயில் பல மாடுகள் மருந்தே இல்லாமல் தானாகத் தேறும். அடிக்கடி கறந்து கொட்டினாலே பாதி பாரம் இறங்கிவிடும். நீங்கள் பூசியதால் தேறியதா, கறந்ததால் தேறியதா, தானாகவே தேறியதா? ஒன்றுமே செய்யாத மாடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இதே கேள்வி ட்யூபுக்கும் பொருந்தும், அதையும் மறைக்கவில்லை.

ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வேறு ரகம். மடிச் சதைக்குள் சின்னச் சின்னக் கட்டியாகப் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே வீக்கம் வற்றும், திரி நிற்கும். உள்ளே அது இருக்கும். மேலே பூசுகிற விழுது அவ்வளவு ஆழத்துக்குப் போவதாக எனக்குத் தெரியவில்லை. மறைந்திருக்கும் மடிநோயைக் காட்டும் சிஎம்டி கரைசல் வாங்கிப் பாருங்கள். நாலு குழித் தட்டில் காம்புக்கு ஒரு குழியாகக் கொஞ்சம் பால், அதே அளவு கரைசல், பத்து வினாடி சுழற்ற வேண்டும். தண்ணீராகவே ஓடினால் நல்ல பால். கோழை மாதிரித் திரண்டால் நோய் உள்ளே இருக்கிறது.

கறவைக் கொட்டகைப் பையன் (நாமக்கல்)

டாக்டர், வேப்பிலை ஈர்க்கில் மஞ்சளும் வெண்ணெயும் தடவிக் காம்புக்குள் விடச் சொல்கிறார்களே, அது சரியா?

கற்றாழை வேலி

தம்பி, அது காம்பு அடைப்புக்குச் சொல்வது, மடிநோய்க்கு இல்லை. பறித்ததும் கழுவிச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள்.

கிராமத்துக் கால்நடை மருத்துவர்

இதில் நான் ஒரு அடி கூட இறங்கி வர மாட்டேன். காம்பு நுனித் துவாரம் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். உள்ளே மெழுகு மாதிரி ஒரு பூச்சு கிருமியைத் தடுத்து நிற்கிறது. தோட்டத்து ஈர்க்கை எவ்வளவு கழுவினாலும் அது கிருமி நீக்கியது ஆகாது. உள்ளே விட்டால் பூச்சு உரியும், வெளிக்கிருமி நேரே மடிக்குள் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கற்றாழை வேலி

சரி. அப்படியானால் ட்யூப் மூக்கு? சாணிக் கையோடு, காம்பு நுனியைத் துடைக்காமல், முழு மூக்கையும் உள்ளே ஏற்றுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிராமத்துக் கால்நடை மருத்துவர்

அதுவும் அதே தவறுதான். ஸ்பிரிட் பஞ்சால் நுனியை அழுத்தித் துடைத்து, மூக்கின் முனை மட்டும் நுழைத்தால் போதும். முழுக்கக் கறந்த பிறகுதான் போட வேண்டும். இதைச் செய்யாமல் போட்ட ட்யூபால் நோய் கூடிய மாடும் உண்டு.

நாலு மாட்டுக்காரி

மன்னிக்கவும், இப்போதுதான் கொட்டகையிலிருந்து வந்தேன். காய்ச்சல் 101.8. காது சூடாகத்தான் இருக்கிறது. பால் திரிதான், மஞ்சள் தண்ணீர் இல்லை. கற்றாழை அரைத்து வைத்துவிட்டேன், இன்னும் பூசவில்லை.

கால்நடைப் படிப்பு, மூன்றாம் ஆண்டு

அக்கா, பூசுவதற்கு முன்னால் பால் மாதிரி எடுத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பண்ணைகளில் காய்ச்சல் இல்லாத லேசான மடிநோய்க்கு உடனே ஆன்டிபயாடிக் போடுவதில்லை. மாதிரி எடுத்து, 24 மணி நேரம் கிருமி வளர்த்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் போடுகிறார்கள். அந்த ஒரு நாளில் கற்றாழை பூசிக்கொண்டே காத்திருக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

கிராமத்துக் கால்நடை மருத்துவர்

மாணவி சொல்வது சரி. கொதிக்க வைத்து ஆறிய சின்ன பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் மூன்று பீச்சை வெளியே விட்டு, அடுத்ததைப் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து வாங்குங்கள். ஐஸ் வைத்து உங்கள் மருந்தகத்தில் கொடுத்தால் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். காய்ச்சலை நாலு மணிக்கு ஒருமுறை பாருங்கள். 103 தாண்டினால், தீவனம் விட்டால், யாரையும் கேட்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடியுங்கள்.

கற்றாழை பூசுங்கள், நான் தடுக்கவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் போடுங்கள். வெள்ளையடிக்க வாங்கிய நீற்றாத சுண்ணாம்பைப் போட்டால் தோல் வெந்துவிடும். காம்பில் வெடிப்பு இருந்தால் அங்கே வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. நாலு மாட்டையும் எந்த வரிசையில் கறக்கிறீர்கள்?

நாலு மாட்டுக்காரி

மூன்று காம்புக்காரிதான் வாசலில் கட்டியிருக்கிறாள். அவளை முதலில் கறப்பேன். அடுத்தது இந்த ஜெர்சி.

கிராமத்துக் கால்நடை மருத்துவர்

எனக்கு அதுதான் சந்தேகம். ஸ்டெபைலோகாக்கஸ் மாட்டிலிருந்து மாட்டுக்குக் கறக்கிற கை வழியாகவே போகும். நாளைக்கே எல்லா மாட்டுக்கும் சிஎம்டி பார்க்கச் சொல்லுங்கள்.

நாலு மாட்டுக்காரி (மூன்று நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. முதல் நாள் எட்டு தடவை பூசினேன். மறுநாள் மடி கொஞ்சம் இளகியது, தொட விட்டாள். அதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் திரி நிற்கவில்லை. இன்று பரிசோதனை முடிவு வந்தது, டாக்டர் சந்தேகப்பட்ட அதே ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ்தான். எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் எழுதி வந்திருக்கிறது.

மூன்று காம்புக்காரிக்கும் பார்த்தார்கள். மிச்சமிருக்கும் காம்பில் ஒன்று கோழையாகத் திரண்டது. பார்வைக்குப் பால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஒரு வருடமாக நானே என் கையால் கொண்டுபோய் ஜெர்சிக்குக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

கிராமத்துக் கால்நடை மருத்துவர்

மனதை விடாதீர்கள். உங்கள் ஜெர்சிக்கு வயது குறைவு, ஒரே காம்பு, நோயும் புதிது. இப்படிப்பட்ட மாட்டில்தான் ஆரியஸ் குணமாக வாய்ப்பு அதிகம். திரி நின்றது என்று இரண்டாம் நாளில் நிறுத்தாதீர்கள், உங்கள் மருத்துவர் எழுதிய நாள் முழுக்கப் போடுங்கள். வெளியில் கற்றாழையும் பூசிக்கொள்ளுங்கள்.

மூன்று காம்புக்காரியை இனிக் கடைசியில் கறங்கள், கறந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கறந்த பிறகு எல்லாக் காம்பையும் அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை படுக்காதபடி பசுந்தீவனம் போடுங்கள். கட்டைவிரலை மடக்கிக் கறக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அது காம்பை உள்ளே நசுக்கிக் கிழிக்கிறது.

கற்றாழை வேலி (பத்து நாள் கழித்து)

டாக்டர் ஐயா, சிஎம்டி வாங்கி என் ஐந்து மாட்டுக்கும் பார்த்தேன். மூன்று சுத்தம். இரண்டு திரண்டது. அதில் ஒன்று போன வருடம் கற்றாழையில் குணமாகிவிட்டது என்று பயிற்சியில் எழுந்து நின்று நான் சொன்ன மாடு.

லேசான நோய்க்கு நான் இன்னமும் கற்றாழைதான் முதலில் எடுப்பேன், அதை விட முடியாது. என் மூன்று மாடு சுத்தமாக இருக்கின்றன. ஆனால் இந்த இரண்டுக்கும் என்ன செய்வது? திரண்ட மாட்டில் ஒன்று சினை.

கிராமத்துக் கால்நடை மருத்துவர்

சினை எத்தனை மாதம்?

கற்றாழை வேலி

ஏழு முடிகிறது.

கிராமத்துக் கால்நடை மருத்துவர்

நல்ல நேரம். கறவையை நிறுத்தும் நாளில் நாலு காம்பிலும் போட வற்றுக்கால ட்யூப் தனியாக இருக்கிறது. கறக்காமல் விட்ட மடியில் மருந்து நெடுநாள் தங்கும், ஆரியஸை விரட்ட அதுதான் தோதான காலம். அதற்கு முன்னால் அவள் பாலையும் மாதிரி எடுத்து அனுப்புங்கள். இன்னொரு மாட்டைக் கடைசியில் கறங்கள்.

கற்றாழை வேலி

நாளைக் காலை மாதிரி எடுக்கிறேன். ஐஸ் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.