புதுப்பிப்பு: ஸ்பிங்க்ஸ் அண்ட் தி கர்ஸ்டு மம்மி வாங்கலாமா?

2003-இல் வந்த இந்த எகிப்துப் பின்னணி வீடியோ விளையாட்டை இப்போது ஆடலாமா என்று கேட்டிருந்தேன். 2017 கணினிப் பதிப்பை வாங்கிவிட்டேன். பதில் சொன்னவர்கள் பலரும் மம்மியைத்தான் புகழ்ந்தீர்கள். உண்மைதான். அந்த மம்மியான துட்டன்காமன் ஏற்கெனவே செத்தவர், மறுபடி சாக வழியில்லை. அதனால் புதிர்களுக்காக அவரைக் கொளுத்தலாம், மின்சாரம் பாய்ச்சலாம், தட்டையாக நசுக்கிக் கம்பி இடுக்கில் நுழைக்கலாம், மூன்று துண்டாக்கி மூவராக நடக்கவிடலாம். பாவம் மனுஷன்! சிரித்துக்கொண்டே யோசிக்க வைக்கும் புதிர்கள்.

இன்னொரு நாயகனான ஸ்பிங்க்ஸின் வாள் சண்டை சுமார். குரலே இல்லாமல் எழுத்தில் ஓடும் வசனம் சிலருக்குப் பிடிக்கவில்லை, எனக்குத் தொந்தரவில்லை. ஆனால் ஆடியதுவரை சேவ் செய்யும் இடங்கள் தூரதூரமாக இருப்பதாகப் புலம்பினீர்களே, அந்தக் கட்சியில் நானும் சேர்ந்துவிட்டேன். அப்புறம், தள்ளுபடியில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.