அப்பாயியோட தையல் மிஷின்ல துரு: தேசிக்காய் போட்டுத் தேச்சும் திரும்ப வருது, உதவி செய்யுங்க

நோர்வூட் பேரன்:
வணக்கம். எங்க அப்பாயியோட சிங்கர் கால் மிஷின். அப்பாயி தவறி ஆறு வருசமாச்சு. அதுக்குப் பிறகு தோட்டத்து லயத்துக் காம்பராவுல (வரிசை வீட்டு அறையில), தகரக் கூரைக்குக் கீழயே கிடந்துச்சு. விடியக்காலம் தகரம் வேர்த்துச் சொட்டும், நம்ம பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும்தானே. தங்கச்சி தையல் பழகப் போறா, அவளுக்காகத் திருத்தணும்.

வார்ப்பிரும்புக் கால் முழுக்கச் செம்மண் பூசின மாதிரி இருக்கு. தலையில கறுப்புப் பெயின்ட்டும் தங்கப் பூவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊசித்தட்டு, ஸ்க்ரூ, சக்கர விளிம்பு எல்லாம் புள்ளி புள்ளியாத் துரு. சக்கரம் அசையவே மாட்டேங்குது. பெடல் மூலையில உப்பும் தேசிக்காயும் போட்டுத் தேச்சேன், வெள்ளையா வந்துச்சு. ஈரத்துணியால துடைச்சு வச்சேன். காலையில பார்த்தா முந்தியவிட மோசமா மஞ்சள் படிஞ்சிருக்கு. எங்க பிழை விட்டேன்?

தலவாக்கலை:
வினாகிரியில ஒரு ராத்திரி ஊறப் போடுங்க. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தித் துருவை நான் அப்படித்தான் எடுப்பேன்.

ஹட்டன் பட்டறை:
தம்பி, கத்திக்கு அது சரி. மிஷின் தலையை மட்டும் வினாகிரியில போட்டுறாதீங்க, கறுப்புப் பெயின்ட் உரியும். தின்னர், ஸ்பிரிட் பட்டா தங்கப் பூவும் போயிரும், போனா திரும்ப வராது.

உங்க பிழை உப்பு. தேசிக்காய்ப் புளிப்பு துருவைக் கரைச்சது உண்மை. ஆனா உப்பும் புளிப்பும் இரும்போட நுண்ணிய குழியில தங்கிருச்சு. உப்பு ஈரத்தை இழுக்கும், அதுவும் நம்ம பனியில. துடைச்சா போதாது. நல்ல தண்ணில கழுவி, அப்பச்சோடாத் தண்ணில ஒரு தடவை கழுவி, உடனே அடுப்புப் பக்கமோ வெயில்லயோ காய வச்சு, சூடு ஆறுறதுக்குள்ள எண்ணெய் பூசணும்.

முலாம் இல்லாத ஸ்க்ரூவை மட்டும் தனியா வினாகிரியில போடுங்க, ரெண்டு மூணு மணிக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்க. பளபளக்கிற நிக்கல் முலாம் பூசின பாகத்துக்கு மிஷின் எண்ணெயும் ஆக மெல்லிய ஸ்டீல் வூலும் போதும். பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுத்தாதீங்க, முலாம் தேஞ்சிரும்.

இன்னொண்ணு, அவசரத்துக்கு பாத்ரூம் கழுவுற அசிட் பக்கம் போகாதீங்க. நான் ஒரு தடவை துருப்பிடிச்ச வைஸ் (சாமானை இறுக்கிப் பிடிக்கிற கருவி) ஒண்ணை அதில போட்டு பட்டறை மூலையில வச்சேன். வைஸ் சுத்தமாச்சு. ஆனா அந்த ஆவி பட்டு, சுவர்ல தொங்கின ஸ்பேனர் அத்தனையும் ரெண்டு நாள்ல சிவந்துபோச்சு. இன்னைக்கும் அந்தத் தழும்பு அதுகள்ல இருக்கு.

பண்டாரவளை அக்கா:
தம்பி, சக்கரம் அசையாததுக்குத் துருதான் காரணம்னு எனக்குத் தோணல. அப்பாயி என்ன எண்ணெய் விட்டாங்க? தேங்காயெண்ணெய்யா? அந்தக் காலத்துல நிறைய வீட்டுல அதுதான். தேங்காயெண்ணெய் 24 பாகை அளவுலதான் உருகும், நம்ம குளிர்ல போத்தலுக்குள்ளயே உறைஞ்சு நிக்குது. மிஷினுக்குள்ள வருசக்கணக்காக் கிடந்தா பசை மாதிரி இறுகிரும். துருன்னு நெனச்சு சக்கரத்தைப் பலமாத் திருகாதீங்க, உள்ள ஏதாவது உடைஞ்சிரும்.

எண்ணெய் விடுற துவாரம் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்க. அடுப்பு, விளக்கு கிட்ட வேண்டாம். மண்ணெண்ணெய் நல்லாக் காஞ்ச பிறகு ஹேர் ட்ரையரால லேசா சூடு காட்டி, சக்கரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் நூல் அளவுக்கு மட்டும் ஆட்டிப் பாருங்க.

நோர்வூட் பேரன்:
அக்கா, நீங்க சொன்னதேதான்! மூணாம் நாள் சாயங்காலம் சக்கரம் ஒரு விரலளவு நகர்ந்துச்சு. பிறகு முகத்தட்டைக் கழட்டினேன். ஊசித்தண்டைச் சுத்தித் தேன் கலர்ல பிசின், நகத்தால சுரண்டினா மெழுகாட்டம் உருண்டு வந்துச்சு. மோந்து பார்த்தா பழைய தேங்காயெண்ணெய் வாசம். அப்பாயி தலையில தேய்க்கிற அதே வாசம். கொஞ்ச நேரம் வேலையை விட்டுட்டு உட்கார்ந்துட்டேன்.

இப்ப முழுச் சுத்தும் சுத்துது. அடியில இலக்கம் ஒய் எழுத்துல தொடங்குது. வார்ப்பிரும்புக் காலுக்கு என்ன செய்யுறது?

ஹட்டன் பட்டறை:
ஒய்னா ஸ்கொட்லாந்து கிளைட்பேங்க் ஆலையில செஞ்சது, 1980ல மூடின ஆலை. கால் கெட்டி இரும்பு, பயப்படாதீங்க. கம்பி பிரஷ்ஷால உதிர்றதை உதிர்த்து, மண்ணெண்ணெய்த் துணியால துடைங்க. குழியில நிக்கிற துருவுக்கு டானிக் அமிலம் கலந்த துரு மாற்றி வாங்கிப் பூசுங்க, கறுப்பா மாறி ஒட்டிக்கும். கொழுந்துச் சாறு பட்டுக் கவ்வாத்துக் கத்தி கறுக்குதே, அதே சங்கதிதான், தேயிலையில இருக்கிற டானினும் இரும்பும் சேர்ற கறுப்பு. அதுக்கு மேல பிரைமர், பிறகு பெயின்ட். ஆனா உங்க பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் பெயின்ட் அடிக்காதீங்க, தென்மேல் மழை ஈரம் அடியில மாட்டிக்கும். தை, மாசி வெயிலுக்கு வச்சுக்குங்க.

நோர்வூட் பேரன்:
சரி அண்ணா, கால் பெயின்ட் தைக்கு. அதுவரைக்கும் எண்ணெய் பூசி வைக்கிறேன். பழைய தோல் பெல்ட் அறுந்துபோச்சு, புதுசு எவ்வளவு நீளத்துக்கு வெட்டுறது?

பண்டாரவளை அக்கா:
மேலச் சக்கரம், கீழச் சக்கரம் ரெண்டையும் சுத்தி நூல் பிடிச்சு அளந்து, அதைவிட ஓர் அங்குலம் குறைச்சு வெட்டுங்க. தோல் இழுபடும். கொக்கிக் கம்பி போட்ட பிறகு தளர்வா இருந்தா இன்னும் கொஞ்சம் நறுக்கலாம், கூட நறுக்கிட்டா சேர்க்க முடியாது.